ஆப்பிள் மரத்துக்கு வைத்த பொட்டு

நம் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு மலரைப் படிக்கிறவர்களுக்கு,

முதலில் மன்னிக்க வேண்டும். என் எழுத்துகள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களைப் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். எந்த இடத்தில் எந்த 'ர' என்பதில் ஐந்தாம் வகுப்பிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை, சந்தேகமும் தீரவில்லை. என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த கோவிந்தராஜ் இப்போது அங்கே தலைமையாசிரியர். அவர் எழுதிய கடிதத்தில், "பள்ளிகொண்டா பக்கத்துப் பிள்ளைகள் ஆப்பிளைத் தள்ளுவண்டியில்தான் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் பார்த்தவன் நீ ஒருவன். எழுது" என்று இருந்தது. கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பேசவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்தால் அவ்வளவு நாள் ஆகிறது. பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

1

நான் ஏழுமலை. ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்‌ஷன் மேசையில் வேலை பார்த்தவன். பதனிட்ட தோலை மேசையில் விரித்துக் கட்டைவிரலால் தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி பட்ட இடம் எல்லாம் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்கிற வேலை. கழிவுத் தோலில் கரியால் ஒரு பெருக்கல் குறி போடுவோம்.

இங்கிலாந்துக்கு நான் வந்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. என் மனைவி கமலா கணியம்பாடிக்காரி, வேலூரில் நர்ஸ் படிப்பு படித்தவள். 1972இல் அவளுக்கு இங்கே கெண்ட் என்ற மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் மூன்று வயது மகள் செல்வியைத் தூக்கிக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி என்னிடம் நிறையக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் கமலாவின் ஆஸ்பத்திரிக் கடிதத்தையே நீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் செல்வியிடம் ஏதோ கேட்டார். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சரி, அப்பன் மகள்தான் என்று முத்திரை குத்திவிட்டார்.

வேலை தேடித் தரும் அலுவலகத்தில் அதைவிடப் பேஜார். தோல் தரம் பிரிக்கிறவன் என்று ஒரு வேலை அவர்கள் பட்டியலில் இல்லை. அங்கே இருந்த அம்மாள் பெரிய புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்பு இருந்தது. 'தோட்ட வேலையாள்' என்று எழுதினாள். அப்படித்தான் புதிய ஆப்பிள், பேரிக்காய் ரகங்களை உருவாக்கும் ஒரு பண்ணைக்கு வந்து சேர்ந்தேன்.

2

ஆப்பிள் விதையைப் போட்டால் அதே ஆப்பிள் வராது. இது எனக்கும் தெரியாது, இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு பழத்தில் ஏழு விதை இருந்தால் ஏழும் ஏழு குணம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல. அதனால்தான் புது ரகம் வேண்டும் என்றால் இரண்டு மரங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்து, பிறக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒன்று தேறுமா என்று பார்க்கிறார்கள்.

கல்யாணம் செய்து வைப்பது என் வேலை. ஏப்ரல் கடைசியில், மொட்டு நாளைக்கு விரியும் என்கிற நிலையில், இதழையும் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளையும் நகத்தால் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பூ மொட்டையாக நிற்கும். இதழ் இல்லாத பூவைத் தேனீ திரும்பிப் பார்க்காது, அதனால் வேறு மகரந்தம் வந்து சேராது. பிறகு அப்பா மரத்தின் பூவிலிருந்து முன்பே எடுத்துக் காயவைத்த மஞ்சள் தூளைக் கண்ணாடிக் குப்பியில் விரல் நுனியால் தொட்டு, அந்தப் பூவின் நடுவில் வைக்க வேண்டும். நெற்றியில் விபூதி வைக்கிற அளவுதான். சீட்டுக் கட்டிவிட்டு அடுத்த பூ. இலையுதிர் காலத்தில் பழத்தை அறுத்து விதை எடுத்து, ஈர மணலில் மூன்று மாதம் குளிரில் வைத்து, முளைக்கப் போட்டு, நட்டு, முதல் பழம் பார்க்க ஐந்தாறு வருடம். பேரிக்காய் இதைவிடப் பிகு, பத்து வருடம்கூட முகம் காட்டாது.

இதற்கெல்லாம் தலைவர் டாக்டர் ஹோல்ட். ஒட்டடைக்குச்சி போல உயரம், அதிகம் பேசமாட்டார். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது. பழம் பழுத்த காலத்தில் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு மரத்திலும் ஒரு பழத்தை வெட்டி, கடித்து, மென்று, துப்புவார். பிடிக்காவிட்டால் கையிலிருக்கும் டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்து அடிமரத்தில் ஒரு இழுப்பு. சிவப்பு பெயிண்ட். அவருக்குப் பின்னால் ஓரிரு நாள் கழித்து ரெக் என்பவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து சிவப்பு உள்ள மரங்களின் எண்ணை எழுதிக்கொள்வார். டிசம்பரில் அந்த எண்களை டிராக்டர் சங்கிலி போட்டுப் பிடுங்கும். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அப்படித்தான் போகும்.

நான் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் பின்னாலேயே நடப்பேன். ஒரு நாள் ஒரு பழத்தை இரண்டு கடி கடித்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு துண்டு வெட்டி என்னிடம் நீட்டினார். இனிப்பு இருந்தது, புளிப்பும் அளவாக இருந்தது. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் மெல்ல ஒன்று வந்தது. எனக்கு அது யாரென்று உடனே தெரிந்துவிட்டது. கடுக்காய். டேனரித் தொட்டியில் கடுக்காய்த் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பதம் பார்த்த ஆளுக்குத் துவர்ப்பு ஒளிந்துகொள்ள முடியாது. "நோ" என்றேன். நானாக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. டாக்டர் அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் வாயும் சுருங்கியது. பிரஷ்ஷை எடுத்தார்.

அன்றிலிருந்து எந்தப் பழத்தை வெட்டினாலும் இரண்டு துண்டாக வெட்டுவார்.

3

பதினான்காம் வரிசை முப்பத்தொன்றாம் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975இல் நான் முதன்முதலாகத் தனியாகத் தூள் வைத்த பூவிலிருந்து வந்த கன்று அது. சிவப்புக் கோடு போட்ட உள்ளூர் ரகம் அம்மா. தை மாசி வரைக்கும் கெடாமல் நிற்கிற பச்சை ரகம் அப்பா. கன்று சின்னதாக இருந்தபோது கம்போடு சேர்த்துக் கட்டப் பண்ணையில் கொடுத்த ரப்பர் வார் மரத்தோலை அறுத்தது. என் பழைய குடியாத்தம் லுங்கியை நீளமாகக் கிழித்துக் கட்டினேன். நீலக் கட்டம் போட்டது. ரெக் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு அதை எழுத வராது, நம் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"இன்னாய்யா, மரத்துக்கு டிரஸ் போட்டுட்ட. செருப்பு எப்ப?"

1981இல் நான்கே நான்கு பழம் காய்த்தது. அடுத்த வருடம் பதினெட்டு. அறுத்ததும் டாக்டர் இரண்டு துண்டு போட்டார். நான் மென்றுகொண்டே நின்றேன். காத்திருந்தேன். கடுக்காய் வரவில்லை. டாக்டரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

வீட்டில் சொன்னேன். கமலா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, "இன்னா மாமா, பையன் பாஸாய்ட்டான்ற மாதிரி சொல்ற" என்றாள். கமலாவுக்கு நான் மாமன் முறைதான், அதனால் மாமா. செல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது. சின்ன வயதில் என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் போன இரண்டாம் வருடம் அது 'டாட்' ஆகிவிட்டது. அவள் தோழிகளிடம் அப்பா விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருந்தாள். நான் போய்த் திருத்தவில்லை. பேச வேண்டி வருமே.

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் கடைசியில் வந்தது. தம்பி ஆம்பூரிலிருந்து வருடா வருடம் தினசரிக் காலண்டர் அனுப்புவான், அதனால் நாள் தப்பாது. டேனரியில் முதலாளி பாய் அன்றைக்குப் பொரி கடலையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் கத்திக்கும் மேசைக்கும் டிரம்முக்கும் பொட்டு வைத்து முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றிருப்பார். இங்கே வீட்டில் கமலாவின் கத்தரிக்கோலுக்கும் என் ஒட்டுக்கத்திக்கும் பொட்டு வைப்பதோடு சரி. அந்த முறை மனசு சந்தோஷமாக இருந்ததால் தைரியம் வந்துவிட்டது. ஒரு புகையிலை டப்பியில் கரைத்த சந்தனமும் ஒரு பொட்டலம் குங்குமமும் கொண்டுபோனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏணிக்கு, தள்ளுவண்டிக்கு, மகரந்தக் குப்பி வைக்கும் பெட்டிக்கு வைத்தேன். டப்பியில் மிச்சம் இருந்தது. பதினான்காம் வரிசைக்குப் போய், முப்பத்தொன்றாம் மரத்துக்கும் நெஞ்சு உயரத்தில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன்.

ஒன்பது வருடமாகச் சிவப்பு பெயிண்ட்டைப் பார்த்தவன்தான். ஆனால் பொட்டு வைக்கிற கைக்குப் பெயிண்ட் ஞாபகம் வரவில்லை. அன்று சாயங்காலம் தூறல். குங்குமம் சந்தனத்தோடு கரைந்து கீழே வழிந்திருக்கும். மறுநாள் காலை ரெக் நோட்டோடு அந்த வரிசையில் போயிருக்கிறார். நான் அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் குளிர் அறையில் விதை எடுக்கிற வேலையில் இருந்தேன்.

4

டிசம்பரில் ஒரு புதன்கிழமை மண்வெட்டி எடுக்க அந்தப் பக்கம் போனேன். முப்பதாம் மரம் நின்றது. முப்பத்திரண்டும் நின்றது. நடுவில் குழி.

 குழியின் விளிம்பில் நின்று, எல்லோரும் செய்கிறதைப் போல, திரும்பவும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பிறகுதான் டப்பி, தூறல், நோட்டு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

பிடுங்கிய மரங்களை வயல் கோடியில் குவித்து வைத்திருந்தார்கள். டேனரியில் தோல் வந்து இறங்கிய நாளில் இருக்கும் குவியலைவிடப் பெரியது. சனிக்கிழமை எரிப்பார்கள். டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் சொல்ல வேண்டும். கடவுளுக்கு வைத்த பொட்டு என்று எந்த இங்கிலீஷில் சொல்வது? சொன்னால், இவன் இன்னும் எந்தெந்த மரத்தில் என்னென்ன பூசினானோ என்று நினைக்க மாட்டாரா? வேலை போனால் என்ன செய்வது? ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்தே கமலா கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன்.

"சாமி கும்புடறேன்னு மரத்தையே சாமிகிட்ட அனுப்பிட்டியா" என்றாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போய்ச் சொல்லு மாமா. ஒரு நாளைக்கு நூறு பேஷன்ட்டுகிட்ட நான் பேசல?"

"உனுக்கு பாஷை வருது."

"எனுக்கு மட்டும் அம்மா வயித்துலயே வந்துச்சா?"

செல்வியை என்னோடு வரச் சொன்னேன். ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். "நோ வே, டாட். எனக்கு வெக்கமா இருக்கும்." எனக்கும் அதேதான் என்று சொன்னேன். அவளுக்கு அது புதுச் செய்தி போல. பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். பிறகு, "நான் சொல்றேன், நீ எழுதிக்க" என்று உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். 'சார், ஐ மேட் எ மிஸ்டேக். தி ரெட் வாஸ் நாட் பெயிண்ட்.' மொத்தம் ஒன்பது வரி. சந்தனம் என்ற இடத்துக்கு வந்ததும் தடுமாறினாள். "சந்தனம்னா இன்னான்னு அவங்களுக்குச் சொல்றது?" என்று கமலாவைக் கேட்டாள். கமலா இங்கிலீஷ் வார்த்தை சொன்னாள். செல்விக்கு அது மரத்தின் பெயர் என்றே அன்றுதான் தெரிந்ததாம்.

வியாழக்கிழமை முழுவதும் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். டாக்டர் இரண்டு தடவை எதிரில் வந்தார். இரண்டு தடவையும் குட்மார்னிங் மட்டும் சொன்னேன். இரண்டாவது தடவை மத்தியானம்.

5

வெள்ளிக்கிழமை காலையில் ரெக் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். சனிக்கிழமை மழை வரும் என்று ரேடியோவில் சொன்னதால் இன்றைக்கே கொளுத்திவிடலாம் என்று முடிவாம்.

நான் ஓடினேன். டாக்டர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். காகிதத்தை எடுத்தேன். முதல் வரி வந்தது. இரண்டாம் வரியிலிருந்து என் எழுத்து எனக்கே புரியவில்லை. மூச்சு வாங்கியது. வேறு வழி தெரியாமல், பூஜை நாளிலிருந்து கோட்டுப் பையிலேயே கிடந்த டப்பியையும் குங்குமப் பொட்டலத்தையும் எடுத்து, ஒட்டியிருந்த சந்தனத்தில் எச்சில் தொட்டுக் கரைத்து, குங்குமத்தைக் குழைத்து, அவர் மேசைக் காலில் ஒரு பொட்டு வைத்தேன். "பதினாலு, முப்பத்தொண்ணு" என்று இங்கிலீஷில் சொன்னேன். எண்கள் மட்டும் எனக்கு நன்றாக வரும்.

டாக்டர் மேசைக் காலைப் பார்த்தார். விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். அடுத்து அவர் ஓடியதை நான் எதிர்பார்க்கவில்லை. கோட்டு கூடப் போடவில்லை.

ரெக் தீக்குச்சியோடு நின்றார். டாக்டர் கையை ஆட்டிக்கொண்டே கத்தினார். குவியலில் இருந்ததோ பல நூறு மரம். சீட்டுகள் எல்லாம் மண்ணில் நசுங்கிக் கிடந்தன. நாங்கள் மூன்று பேரும் புரட்ட ஆரம்பித்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். ரெக்தான் முதலில் பார்த்தார்.

"அதோ லுங்கி."

நீலக் கட்டம் சேற்றிலும் தெரிந்தது. வேர் செத்துவிட்டது. ஆனால் குளிர் காலத்தில் மரம் தூக்கத்தில் இருக்கும். போன வேனிலில் வந்த தளிர்க்குச்சிகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர் அறையில் வைத்தால் மார்ச்சில் வேறு வேரில் ஒட்டுக் கட்டலாம், விதை போல் மாறாமல் அதே பழம் வரும். பதினொரு குச்சி தேறியது. என் ஒட்டுக்கத்தியால் நானே வெட்டினேன். கத்திப் பிடியில் பழைய பொட்டு லேசாக இருந்தது. ரெக் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கத்தியும் என் நோட்டுல இருக்கணுமே" என்றார்.

ஆனால் ரெக்கின் நோட்டில் ஏறிய மரம் பண்ணையின் கணக்கில் செத்த மரம். அதை உயிரோடு கொண்டுவர ஒரு படிவம், இரண்டு கையெழுத்து வேண்டும். டாக்டர் நிரப்பினார். 'நீக்கியதற்குக் காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தார். எழுதியதை அன்று சாயங்காலம் செல்வி எனக்குச் சொன்னாள். நான் படிவத்தின் நகலைக் கொண்டுபோயிருந்தேன். 'ஆசீர்வாதத்தால் நேர்ந்த பிழை' என்று எழுதியிருந்தார். கமலா அதைச் சுவரில் ஒட்டினாள். இன்னும் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மார்ச்சில் பதினொன்றையும் கட்டினேன். ஏழு பிடித்தது.

6

ஒட்டுக் கட்டிய ஏழு மரமும் இந்த வருடம் நிறையக் காய்த்தன. போன மாதம் டாக்டர் பழத்தை வெட்டி, வழக்கம்போல இரண்டு துண்டு போட்டு, தன் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மென்றேன். துவர்ப்பு வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. "எஸ்" என்றேன். அவர் பிறகுதான் தின்றார். துப்பவில்லை. அடுத்த கட்டச் சோதனைக்கு, இன்னும் நான்கு ஊர்களில் நட, இது போகிறது. கடைக்கு வர இன்னும் பத்து வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். இதுவரைக்கும் பெயர் கிடையாது, எண்தான். எனக்கு அது போதும்.

இன்னொரு மாற்றம். 1983இலிருந்து எங்கள் பண்ணையில் கழிக்கிற மரத்துக்கு நீல பெயிண்ட். ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் ரெக் கதை சொல்லுவார். அவர் சொல்லும் கதையில் நான் டாக்டரின் நாற்காலிக்கும் பொட்டு வைத்திருப்பேன். ஆயுத பூஜை எப்போது என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் டாக்டர் கேட்டு, சுவரில் குறித்துக்கொள்கிறார்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு செல்வி என்னோடு வந்தாள். பதினாறு வயது. அவளாகத்தான் வருகிறேன் என்றாள், நான் கேட்கவில்லை.  டப்பியை அவள்தான் பிடித்துக்கொண்டாள். பொரிக்குப் பதிலாக இங்கே டப்பாவில் கிடைக்கிற பொரி அரிசி, அதில் வறுகடலை. ஏணி, வண்டி, பெட்டி எல்லாம் முடிந்து ஏழு மரங்களுக்கும் வைத்தோம். டாக்டரும் ரெக்கும் கையைக் கட்டிக்கொண்டு, முதலாளி பாய் நிற்பாரே அது மாதிரி, நின்று பார்த்தார்கள். பழம் வெட்டுகிற கத்தியை டாக்டர் நீட்டினார், செல்வி அதற்கும் வைத்தாள். அப்புறம் அவர் குனிந்து நெற்றியையும் நீட்டினார். அவ்வளவு உயரமான மனிதர் அவ்வளவு கீழே குனிந்து நான் பார்த்ததில்லை.

செல்வி என்னைப் பார்த்தாள். "வைக்கட்டுமா நைனா?" என்றாள். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம். நான் தலையாட்டினேன்.

வைத்தாள். டாக்டர் நிமிர்ந்தார். நெற்றியில் நல்ல சிவப்பு.

ரெக் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"அப்போ டிசம்பருக்கு இவரையும் சேத்து எழுதிக்கட்டுமா?"

ஏழுமலை
கெண்ட், இங்கிலாந்து
19 அக்டோபர் 1986, ஞாயிற்றுக்கிழமை